நாலாம் பட்டை

“நான் சொன்னது எண்பது, ராட், எண்பது—”

“எண்பதுலதான்யா இருக்கேன்—”

“—நிலம் நழுவுது, என் கண்ணால பாக்கறேன்—”

“—இன்னும் எத்தனை தடவை சொல்லணும் உனக்கு—”

“—குறுக்க குறுக்கப் பேசினா எனக்கு என்ன கேக்கும்?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் அந்த விமானத்தின் பேச்சுக் கம்பியில் யார் சொல்வதும் கேட்காது. காதுக்குள் ஒரு இரைச்சல், அவ்வளவுதான். இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். பிறகு யார் முதலில் தொடங்குவது என்ற வீம்பில் இருவரும் காத்திருந்தார்கள். அந்த வீம்பு நடக்கும் நேரத்தில் விமானம் மூன்று மைல் போய்விட்டது.

கிளெமென்ட் ரிட்ஸ்டேல் இருந்தது விமானத்தின் மூக்கில். புறப்படும் முன் அந்த மூக்கை ஒரு கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறப்பார்கள். அவன் ஏறி உட்கார்ந்ததும் சாத்தித் திருகிவிடுவார்கள். அப்புறம் அவனுக்கு உலகம் என்பது ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு, நூலில் கட்டிய பென்சில், இரண்டு பக்கமும் பனி படிந்த உள்ளங்கை அகலக் கண்ணாடி. கீழே நிலத்தைப் பார்க்க ஒரு குழாய் உண்டு. அதில் கண்ணை வைத்தால் தட்டளவு வட்டம், வட்டத்துக்கு நடுவே ஒரு கம்பிக் கோடு. விமானம் நேராகப் போனால் நிலம் கோட்டோடு ஓடும். காற்று தள்ளினால் கோட்டை விட்டு விலகும். எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, வட்டக் கணக்குச் சட்டத்தைத் திருகி, நேர் கிழக்கு தொண்ணூறு என்ற கணக்கில் மூக்கு இத்தனை டிகிரி, இடது இத்தனை, வலது இத்தனை என்று பைலட்டுக்குச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. காற்றின் இழுப்பைத் தானே சொல்லும் ரேடியோப் பெட்டி ஒன்றும் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது நாற்பதாயிரம் அடிக்கு மேல் வந்ததும் வழக்கம் போலச் செத்துப் போயிருந்தது.

பைலட் ராட்னி ஹாஸ்கெட் அவனுக்குப் பின்னால், மேலே, கண்ணாடிக் குமிழுக்கடியில் இருந்தான். அவனுக்கு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை முழுவதும் தெரிந்தது. தீவு தீவாக, விரித்துப் போட்ட வரைபடமாக.

“சரி, நான் பேசறேன், நீ கேளு,” என்றான் கிளெமென்ட். “அஞ்சு நிமிஷம் முன்னால ஏரி இடது பக்கம் நழுவிச்சு. அளந்தேன். இடது நாலுன்னேன். போட்டியா?”

“போட்டேன்.”

“போட்டா நேராகணுமா வேண்டாமா? இப்ப நிலம் வலது பக்கம் நழுவுது. காத்துக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு, ராட்? அஞ்சு நிமிஷத்துல திரும்பி வீச?”

“என்னைக் கேட்டா? நான் வண்டியோட்டி. காத்து உன் இலாகா, கிழவா.”

கிளெமென்டுக்கு முப்பத்தொன்பது வயது. ராட்னியைவிட ஆறு வயது கூட. அதனால்தான் அந்தக் கிழவா. மற்ற நாட்களில் அவன் அதற்குச் சிரிப்பான்.

அவன் மறுபடி அளந்தான். கணக்குச் சட்டத்தைப் பிடித்த விரல் உறைந்திருந்தது. கையுறையைக் கழற்றினால் இன்னும் உறையும், கழற்றாவிட்டால் எண் தெரியாது. கழற்றினான். கணக்கில் வந்த காற்று, முன் கணக்கில் வந்த காற்றுக்குச் சித்தப்பா பெரியப்பா உறவுகூட இல்லை. பென்சிலை வீசி எறிந்தான். நூலில் கட்டியிருந்ததால் அது திரும்பி வந்து அவன் முகமூடியில் இடித்தது.

“வலது நாலு,” என்றான்.

“வலது நாலு,” என்றான் ராட்னி, தேனாக.

அந்தக் கரையை முழுக்கப் படமெடுத்துப் புது வரைபடம் போடும் வேலை அது. மேற்கிலிருந்து கிழக்காக ஆறு பட்டை பறக்க வேண்டும். ஒரு பட்டை படங்களின் ஓரம் அடுத்த பட்டையின் மேல் ஏறி உட்கார வேண்டும். இடைவெளி விழுந்தால் வரைபடத்தில் அந்த இடம் வெள்ளை. ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேகம் மட்டும் விட்டால். அங்கே ஒரு கோடை முழுக்க மேகமில்லாத நாள் நாலோ ஐந்தோ. ஜூனில் கிடைத்த நாள் பாதியில் மூடிக்கொண்டது. இது ஜூலை. ஆறு பட்டையும் பறந்துவிட்டுத் தெற்கே தங்கள் சதுப்புநிலத்து விமானதளத்துக்குத் திரும்பினார்கள். மூக்கைத் திறந்து அவனை வெளியே எடுத்தபோது கிளெமென்டுக்கு முட்டி மடங்கவில்லை.

“காத்து சனியனா இருந்தது,” என்றான், யாரும் கேட்காமலேயே.

மறுநாள் படப்பிரிவின் நீள மேசையில் படங்களை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். பரப்பியவள் சார்ஜென்ட் ஈனிட் பிரௌஸ். விரல் நுனியெல்லாம் படம் கழுவும் மருந்துக் கறை படிந்த, அதிகம் பேசாத பெண். மேசைக்கு அந்தப் பக்கம் விங் கமாண்டர் லோரிமர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“இது என்ன, ரிட்ஸ்டேல்? பட்டையா, பாம்பா?”

மற்ற ஐந்தும் ஏறக்குறைய நேராகக் கிடந்தன. நாலாவது மட்டும் வளைந்து வளைந்து போய், கடைசியில் ஐந்தாவதற்குள் புகுந்திருந்தது. அது விலகிய இடத்தில், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், ஆப்பு வடிவத்தில் மேசைப் பலகை தெரிந்தது.

“காத்து மாறிக்கிட்டே இருந்தது, சார்.”

“மத்த அஞ்சுக்கும் மாறாத காத்து?”

“அளந்ததைத்தான் சொன்னேன், சார். ஒவ்வொரு தடவையும் அளந்தேன்.”

“ஹாஸ்கெட்டைக் கேட்டேன். சொன்ன திசையில பறந்தேன்னான். அதோட விடல, உங்களுக்காகப் பரிஞ்சும் பேசினான். ‘அவருக்குக் கொஞ்ச நாளா அசதி, சார், நான் பாத்துக்கறேன்’னான்.”

“எனக்கு அசதியா?”

“அவன் சொன்னது.”

“நான் அசந்து போயிருந்தா என்னால—”

“ரிட்ஸ்டேல்.” லோரிமர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. “நாலாம் பட்டை மட்டும் பாக்கி. அடுத்த நல்ல நாள் வந்தா நீங்களே போய் எடுத்துட்டு வாங்க. இன்னொரு ஓட்டை விழுந்தா உங்களை வரைபடக் கிடங்குக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. அங்க நல்ல கணப்பு இருக்கு. உங்க முட்டிக்கும் நல்லது.”

அவர் போனார். வரைபடக் கிடங்கு என்பது ரயிலடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே போனவன் மறுபடி மேலே ஏறியதில்லை. கிளெமென்ட் பதினேழு வருஷமாக மேலே ஏறுகிறவன். அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், தன்னை ஒரு ஆளாக அவன் மதித்ததும் அதற்காகத்தான்.

ஈனிட் ஒரு படத்தின் ஓரத்தை நேராக்கினாள். பிறகு இன்னொன்றை.

“கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு சொல்லலாமா, சார்?”

“சொல்லுங்க. எல்லாரும் சொல்லியாச்சு.”

“கேமராவை விமானத்து வயித்துல அசையாம திருகியிருக்காங்க. படத்தோட ஓரம் எந்தப் பக்கம் பாக்குதோ, மூக்கும் அந்தப் பக்கம்தான் பாத்திருக்கு. காத்து விமானத்தை எங்க வேணா தள்ளட்டும், மூக்கு பொய் சொல்லாது.” பழைய வரைபடத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்து, கோணமானியைப் படத்தின் மேல் அமர்த்தினாள். “இது பதினோராவது படம். உங்க குறிப்புல மூக்கு என்ன?”

“எண்பத்தி நாலு.”

“இங்க எண்பது.”

“அடுத்தது?”

“எண்பது. அதுக்கடுத்தது எண்பது. பதினாலுலதான் நீங்க ‘இடது நாலு’ன்னு எழுதியிருக்கீங்க. அப்ப மூக்கு எண்பதுக்கு வரணும் இல்லையா?” கோணமானியைத் திருப்பினாள். “எழுபத்தாறு.”

கிளெமென்ட் குனிந்து பார்த்தான். அவளைத் தள்ளிவிட்டுத் தானே அளந்தான். பதினேழு, பதினெட்டு, இருபது.

“நீங்க சொல்றதுக்கு முன்னாலயே யாரோ திருப்பியிருக்காங்க, சார்,” என்றாள் ஈனிட். “அப்புறம் நீங்களும் சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே சோத்துக்கு உப்புப் போட்டுட்டீங்க.”

“இதை லோரிமர்கிட்ட சொன்னீங்களா?”

“அவர் என்னைக் கேக்கல, சார்.”

ராட்னி ஹாஸ்கெட் தன் பழைய காருக்கடியில் படுத்திருந்தான். குடியிருப்புக்குப் பின்னால், கொட்டகை வாசலில், இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களிடம்தான் கிளெமென்ட் பேச வேண்டியிருந்தது.

“பதினோராவது படத்துல நீ திருப்பியிருக்கே.”

கால்கள் அசையவில்லை. “ஆரு, கிழவனா? அந்த ஸ்பானரைக் கொஞ்சம் எடு. பெரிசு இல்ல, அதுக்கடுத்தது.”

“நான் எண்பத்தி நாலுன்னு எழுதிட்டு உட்காந்திருக்கேன். நீ எண்பதுல போறே. ஏன்?”

“ஸ்பானர்.”

“ராட்!”

காருக்கடியில் ஏதோ இரும்பு விழுந்தது. ஒரு கெட்ட வார்த்தை.

“ஏரி நழுவிட்டிருந்தது,” என்றது காருக்கடியிலிருந்து குரல். “எனக்குத் தெரியுது. மேலேர்ந்து எல்லாம் தெரியுது, கிளெம். நீ உள்ள உக்காந்து அளந்து, கணக்குப் போட்டு, சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது. ரெண்டு நிமிஷம்னா பதினாலு மைல். சும்மா லேசா ஒரு நாலு தட்டி விட்டேன். உனக்கு உதவியா.”

“உதவியா! அப்புறம் நான் இடது நாலுன்னப்ப?”

“போட்டேன்.”

“நீதான் ஏற்கெனவே போட்டுட்டியே!”

“ஆமா. அப்ப நான் என்ன சொல்லட்டும்? ‘மன்னிச்சுக்கோ, அந்த நாலை நான் முன்னாடியே போட்டாச்சு’ன்னா? நீ கேட்டிருக்க மாட்டே, எதுக்குப் போட்டேன்னு? சரி, சொன்னதைச் செஞ்சுட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு செஞ்சேன்.”

“‘எண்பதுலதான்யா இருக்கேன்’னு தொண்டை கிழியக் கத்தினியே!”

“கத்தறவன்கிட்ட மெதுவாவா பொய் சொல்ல முடியும்?”

ராட்னி சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். முகமெல்லாம் எண்ணெய். சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தான்.

“எத்தனை நாளா?” என்றான் கிளெமென்ட்.

“என்ன எத்தனை நாளா?”

“தட்டி விடறது.”

“ஏப்ரல்லேர்ந்து. அந்த வட கடல் வேலைல உன் காத்து தப்பாயிடுச்சு, ஞாபகம் இருக்கா? உன் முகமே செத்துப் போச்சு. எனக்கு மனசு கேக்கல. அதுலேர்ந்து அங்கங்க ஒண்ணு, ரெண்டு. ஒண்ணும் கெட்டுப் போகல, பாரு. மே மாசம் எல்லாம் அம்பு மாதிரி வரல? லோரிமரே தட்டிக் கொடுக்கல?”

கிளெமென்டுக்கு அதுதான் கொட்டியது. மே மாதத்துப் பட்டைகளை அவன் தன் மனசுக்குள் ஒரு இடத்தில் வைத்திருந்தான். தூக்கம் வராத போது எடுத்துப் பார்ப்பதற்கு.

“அப்ப மே மாசம் யாரு பறந்தது? நீயா, நானா?”

“ரெண்டு பேரும்தான்.”

“என் கணக்கு சரியா இருந்துதா இல்லையா? எனக்கு அது தெரியணும், ராட். இப்ப அது தெரியவே வழியில்லாம பண்ணிட்டியே! நான் அளந்ததெல்லாம் காத்து இல்ல, உன் கை. நாலு மாசமா உன் கையை அளந்துட்டு உக்காந்திருக்கேன்!”

“கத்தாதே, பக்கத்து வீட்டுக்காரி பாக்கறா.”

“பாக்கட்டும். லோரிமர்கிட்ட வந்து சொல்லு.”

“சொல்றேன்.”

“இப்பவே.”

ராட்னி துணியால் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாக. “செப்டம்பர்ல பதவி உயர்வுப் பட்டியல் வருது, கிளெம். சொல்லாம திசை மாத்தற பைலட்டுன்னு இப்ப தெரிஞ்சா, என்னை அஞ்சு வருஷத்துக்கு உரம் தெளிக்கற விமானத்துல கூட ஏத்த மாட்டாங்க. நாலாம் பட்டை முடியட்டும். அது சுத்தமா வந்துட்டா உனக்கும் பிரச்னை இல்ல, நானும் ஒண்ணும் சொல்ல வேண்டி இருக்காது. யோசிச்சுப் பாரு.”

கிளெமென்ட் யோசித்தான். ஈனிட்டின் கோணமானியை லோரிமர் மேசையில் கொண்டுபோய் வைக்கலாம். வைத்தால் இவன் போவான். வைக்காவிட்டால், இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு அவனுக்கு இனித்தது என்பதுதான் உண்மை. தன் கணக்கு மட்டும், யார் கையும் படாமல், ஒரே ஒரு பட்டை.

“தொடக்கூடாது,” என்றான்.

“தொடல.”

“நான் சொன்ன எண். அதுக்கு மேல ஒரு டிகிரி கிடையாது, கீழ ஒரு டிகிரி கிடையாது. நிலம் நழுவட்டும், நிலம் பத்தி எரியட்டும். உன் கண்ணு எனக்கு வேண்டாம், ராட். உன் உதவியால நான் குட்டிச்சுவராப் போனது போதும்.”

“சத்தியமா தொடல, கிழவா.”

“கிழவான்னு கூப்பிடாதே.”

ஆகஸ்டில் பதினெட்டு நாள் மழை. பத்தொன்பதாம் நாள் வானிலைக்காரர் போன் செய்து, மேற்கே மதியத்துக்குள் ஒரு திறப்பு இருக்கும், அப்புறம் உறுதி இல்லை என்றார். மூக்கைத் திறந்து கிளெமென்டை உள்ளே வைத்துச் சாத்தினார்கள்.

வடக்கே போகும் வழியெல்லாம் எண்கள் மட்டும் பேசினார்கள். கரைக்கு மேல் வந்தபோது பட்டைக்கு நட்டநடுவில் ஒரு மேகக் கட்டி உட்கார்ந்திருந்தது. அது நகரும் வரை கடலுக்கு மேல் சுற்றினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, எட்டுச் சுற்று. அந்த உயரத்தில் காற்று மெல்லிசு. விமானத்தைச் சட்டென்று சாய்க்க முடியாது, ஒவ்வொரு சுற்றும் ஒரு மாவட்டம் அகலம். நாற்பது நிமிஷ எண்ணெய் அதிலேயே போயிற்று.

“நகந்துடுச்சு,” என்றான் ராட்னி. “மேற்கே அடுத்தது வந்துட்டிருக்கு. ஒரு தடவைதான். இன்னொண்ணுக்கு எண்ணெய் இல்ல.”

“ஒண்ணு போதும். எண்பத்தொண்ணு.”

“எண்பத்தொண்ணு.”

பட்டை தொடங்க வேண்டிய இடம் கடலில் ஒரு பாறைத் தீவு, வட ஸ்கார்வா. அதற்கு நேர் தெற்கே ஆறு மைலில் தென் ஸ்கார்வா. இரண்டும் ஒரே அச்சு, வேர்க்கடலை மாதிரி இடுப்பு ஒடுங்கியவை. வடக்கில் இருப்பதில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. ஆனால் ஒன்பது மைல் உயரத்திலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கமும் குழாய்க் கண்ணாடியில் ஒட்டிய பனித் துகளும் ஒன்றுதான். கடலில் அளப்பதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. எட்டுச் சுற்று சுற்றியதில் காற்று அவர்களை எவ்வளவு தெற்கே தள்ளியது என்பதைக் கிளெமென்ட் கணக்கில்தான் வைத்திருந்தான், கண்ணில் இல்லை.

வட்டத்தின் விளிம்பில் வேர்க்கடலை நுழைந்தது. நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

“தீவு வந்தாச்சு, ராட். கோட்டு மேலயே வருது. கேமரா போடறேன்.”

கம்பியில் ஒன்றும் வரவில்லை.

“கேட்டுச்சா?”

“...கேட்டுச்சு,” என்றான் ராட்னி.

அதற்கப்புறம் எட்டு நிமிஷம். நிலம் கோட்டிலிருந்து ஒரு மயிரிழை விலகவில்லை. கிளெமென்ட் அளந்தான்; கணக்குப் போட்டான்; வந்தது முன்பு வந்த அதே காற்று. மறுபடி அளந்தான், அதே காற்று. சட்டத்தைத் திருகும் விரலில் குளிர்கூடத் தெரியவில்லை. ஏரிகளும் மலை முதுகுகளும் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவது போலப் போயின. நாலு மாசமாக நெஞ்சில் அடைத்திருந்தது இளகிற்று. என் கணக்கு சரி, என்று நினைத்துக்கொண்டான். எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவனை அறியாமல் முகமூடிக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான்.

“முடிஞ்சுது!” என்றான். “கேமரா நிறுத்தியாச்சு. பாத்தியா, ராட்? ஒரு திருத்தம் இல்ல! ஒண்ணுகூட இல்ல!”

“அழகாப் பறந்தோம்.”

“என்ன குரல் இது? எழவு வீட்டுல பேசற மாதிரி. வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லேன்.”

“கிளெம்.”

“சொல்லு.”

“நீ ஆரம்பிச்சது தெற்குத் தீவு.”

கிளெமென்ட் குழாயிலிருந்து கண்ணை எடுத்தான். மேசையில் வரைபடம். விரலை வட ஸ்கார்வாவில் வைத்தான். அங்கிருந்து ஆறு மைல் கீழே இறக்கினான். அங்கிருந்து கிழக்கே இழுத்தான். விரல் போன வழி மூன்றாம் பட்டையின் மேலேயே, ஏற்கெனவே எடுத்த படத்தின் மேலேயே போயிற்று. அதற்கு வடக்கே, ஐந்தாம் பட்டை வரை, இரண்டு மைல் அகலத்துக்கு, கரை முழுவதும், ஒன்றுமில்லை.

“திரும்பு.”

“முடியாது.”

“திரும்பு, ராட்! இப்பவே திரும்பினா—”

“எண்ணெய் இல்லன்னு முன்னாடியே சொன்னேன். மேகமும் வந்து மூடியாச்சு. நீ பாக்கல, நான் பாக்கறேன், அங்க பஞ்சு பொதி மாதிரி கிடக்கு.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அது உன் வட்டத்துக்குள்ள வரதுக்கு முன்னாலயே. வடக்குத் தீவு என் இடது றெக்கைக்கு அப்பால தெரிஞ்சுது. விளக்குக்கூட வெள்ளையாத் தெரிஞ்சுது.”

“எட்டு நிமிஷம்.”

“ஆமா.”

“எட்டு நிமிஷம் பாத்துட்டே வந்திருக்கே. நான் இங்க பாடிட்டு வந்திருக்கேன், அதையும் கேட்டுட்டே வந்திருக்கே!”

“நீதானே சத்தியம் வாங்கினே? நிலம் பத்தி எரியட்டும்னே. உன் கண்ணு எனக்கு வேண்டாம்னே. ஒருவேளை காத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் அங்கேர்ந்து தொடங்கறியோ என்னவோ, நான் வாயைத் திறந்தா மறுபடியும் உன்னைக் குட்டிச்சுவராக்கினேன்னு சொல்லுவே. நீ கிடங்குக்குப் போனா அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவே. எனக்கு எதுக்கு வம்பு? எண்பத்தொண்ணுன்னே. எண்பத்தொண்ணுல நின்னேன். படத்துல வேணா அளந்து பாரு, ஒரு டிகிரி கூட தொடல, கிளெம்!”

விமானம் தெற்கே திரும்பிக்கொண்டிருந்தது, மெதுவாக, ஒரு மாவட்டத்தை வளைத்துக்கொண்டு. அவன் மேசை விளக்கு லேசாக நடுங்கிற்று. கிளெமென்ட் நூலில் ஆடிய பென்சிலைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான்.

“தொடாதேன்னுதானே சொன்னேன், ராட். பேசாதேன்னா சொன்னேன்?”